மண்ணுக்கடியில் நஞ்சு: ராடார் காண்பதும் காணாததும்

நெய்வேலி என்றதும் நமக்குப் பழுப்பு நிலக்கரி நினைவுக்கு வரும். ஆனால் நெய்வேலியின் கதை பாதி நிலக்கரி, பாதி தண்ணீர். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபொழுது கரிய பொருள் வெளிவந்தது. அதுவே பின்னர் பெரும் சுரங்கமாக வளர்ந்தது. இது பலரும் அறிந்த செய்தி. அந்தக் கரிக்கும் கீழே இருப்பது என்ன என்பதைத்தான் பலர் அறியார்.

நெய்வேலியில் 50 மீட்டருக்கும் கூடுதலான மண்ணையும் மணற்கல்லையும் அகற்றினால்தான் நிலக்கரிப் படுகை கண்ணில் படும். அந்தப் படுகைக்கு அடியில் மணலால் ஆன பெரியதொரு நீர்த்தாங்கி இருக்கிறது. அதில் அடைபட்டிருந்த நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரையிலான விசையுடன் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தது. 60 முதல் 80 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் ஒன்று தரும் அழுத்தம் அது. மேலேயுள்ள மண்ணின் பாரத்தை எடுத்துவிட்டால், நீர் நிலக்கரியைப் பிளந்துகொண்டு பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். ஆகையால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக இறைத்து, அழுத்தத்தைக் குறைத்தார்கள். 1961-ல் நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டது. இறைக்கப்படும் நீர் வீணாவதில்லை. மின் நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் பயன்படுகிறது.

நிலக்கரியை எரித்தால் சாம்பல் மிஞ்சும். அதில் ஒரு பகுதி சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகும். ஒரு பகுதியை நீருடன் குழம்பாகக் கலந்து, குழாய் வழியே சாம்பல் குளங்களில் விடுவது அனல் மின் நிலையங்களின் வழக்கம். நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி. நீர் அதில் ஊறும்பொழுது கால்சியம், சல்பேட்டு முதலிய உப்புகள் கரைகின்றன. வேறு சில தனிமங்களும் மிகச் சிறிய அளவில் கரையலாம். குளத்தின் அடித்தளம் இறுக்கமாக இல்லாவிட்டால் இந்த நீர் மண்ணுக்குள் இறங்கும். சாம்பல் குளம் மட்டுமல்ல. ஊர்க்குப்பை மேடு, தோல் பதனிடும் ஆலையின் கழிவு, பெட்ரோல் பங்கின் பழைய தொட்டி என எதைச் சுற்றியும் எழக்கூடிய கேள்வி இதுதான்: கெட்ட நீர் எங்கே இறங்கியது, எவ்வளவு ஆழம் போயிற்று, எந்தத் திசையில் நகர்கிறது?

"துளையிட்டுப் பார்த்துவிடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கலாம், ஆனால் ஒரு துளை ஓர் இடத்தைத்தான் சொல்லும். பத்து மீட்டர் தள்ளி நஞ்சு போய்க்கொண்டிருந்தாலும் அது அந்தத் துளைக்குத் தெரியாது. இன்னொரு தொல்லையும் உண்டு. மேலடுக்கு நீரையும் கீழடுக்கு நீரையும் பிரித்து வைப்பவை இடையில் மூடிபோலப் படிந்திருக்கும் களிமண் போன்ற அடுக்குகளே. கவனமின்றித் துளையிட்டால் அந்த மூடியில் நாமே ஓட்டை போட்டவர்கள் ஆவோம். கீழ் நீர்த்தாங்கியின் அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும் இடங்களில் இது கூடுதல் ஆபத்து. ஒரு காலத்தில் கீழிருந்து மேலே தள்ளிய நீர், அழுத்தம் குறைந்தால் மேலிருந்து கீழே இழுக்கும் அல்லவா? ஆகவே துளையிடுவதற்கு முன், எங்கே துளையிடுவது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மருத்துவர் கத்தியை எடுப்பதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதைப் போன்றது இது.

தரையில் தள்ளும் ராடார்

விமானத்தைக் கண்டறியும் ராடாரை நீங்கள் அறிவீர்கள். ரேடியோ அலையை அனுப்புகிறோம். அது பட்டுத் திரும்பிவரும் நேரத்தை அளக்கிறோம். அதே அலையை வானுக்கு அனுப்பாமல் மண்ணுக்குள் அனுப்பினால் அதுவே நில ஊடுருவு ராடார். குழந்தைகளை வைத்துத் தள்ளும் வண்டி போன்ற ஒன்றில் அலை அனுப்பும் ஆண்டெனாவும் அலை வாங்கும் ஆண்டெனாவும் தரையை ஒட்டிப் பொருத்தப்பட்டிருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க நடக்க, ஒவ்வோர் அடிக்கும் எதிரொலிகள் பதிவாகும்.

1950-களில் துருவப் பகுதிகளில் பறந்த விமானங்களின் ராடார் உயரமானிகள் பனிப்பரப்பின்மேல் தவறான உயரத்தைக் காட்டின. அலைகள் பனியின் மேற்பரப்பில் நில்லாமல் உள்ளே புகுந்து, அடியிலுள்ள பாறையில் பட்டுத் திரும்பியதே காரணம். விமானிக்கு ஆபத்தாக இருந்த அந்தத் தவறு, பனியின் தடிமனை அளக்கும் கருவியாயிற்று. 1972 டிசம்பரில் சந்திரனைச் சுற்றிய அப்போலோ 17 விண்கலத்திலும் நிலவின் தரைக்கடியில் துருவிப் பார்க்கும் ராடார் ஒன்று இருந்தது.

அலை ஏன் மண்ணுக்குள் எதிரொலிக்கிறது? ஒவ்வொரு பொருளுக்கும் மின்காப்பு மாறிலி என்று ஒன்று உண்டு. காற்றுக்கு அது 1. உலர்ந்த மணலுக்கு ஏறத்தாழ 4. நீரில் ஊறிய மணலுக்கு ஏறத்தாழ 25. தனி நீருக்கு 80. ஒரு பொருளுக்குள் அலையின் வேகம் அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் குறையும். காற்றில் அலை ஒரு நானோ வினாடியில், அதாவது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 சென்டிமீட்டர் போகும். உலர்ந்த மணலில் 15 சென்டிமீட்டர்தான். ஈர மணலில் 6 சென்டிமீட்டர்தான். இந்த எண் திடீரென மாறும் எல்லையில்தான் அலையின் ஒரு பகுதி திரும்புகிறது.

எவ்வளவு திரும்பும்? இரண்டு வர்க்கமூலங்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். உலர்ந்த மணலுக்கு 2, ஈர மணலுக்கு 5 எனக் கொண்டால் வித்தியாசம் 3, கூட்டுத்தொகை 7. அலையின் வீச்சில் 3/7 பங்கு திரும்பும். ஆற்றல் வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆகையால் 9/49 பங்கு, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பும். இது நல்ல எதிரொலி. நிலத்தடி நீர்மட்டம் ராடார்ப் படத்தில் பல இடங்களில் தெளிவான கோடாகத் தெரிவது இதனால்தான்.

குழாய் ஏன் குடையாகத் தெரிகிறது?

மண்ணில் புதைந்த ஒரு குழாயின் குறுக்கே வண்டியைத் தள்ளுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் குழாய் ஒரு புள்ளியாகத் தெரியாது; விரித்த குடையைப் போல வளைந்து தெரியும். ராடார் நேர்கீழே மட்டும் பார்ப்பதில்லை. முன்னும் பின்னும் சாய்வாகவும் பார்க்கிறது. வண்டி குழாயை நெருங்கும்பொழுதே சாய்வான பாதையில் எதிரொலி வரத் தொடங்கிவிடும். பாதை நீளம் என்பதால் நேரமும் அதிகம். குழாய்க்கு நேர்மேலே வரும்பொழுது நேரம் மிகக் குறைவு. கடந்த பிறகு மீண்டும் கூடும்.

இந்தக் குடை வெறும் தொல்லை அன்று. பித்தாகரஸ் தேற்றம் தெரிந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர் இதிலிருந்து குழாயின் ஆழத்தையே கண்டுபிடித்துவிடலாம். குழாய்க்கு நேர்மேலே எதிரொலி வர 24 நானோ வினாடி ஆயிற்று. 90 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் 30 நானோ வினாடி ஆயிற்று. போகவர ஆகும் நேரம் என்பதால் பாதியாக்குவோம்: 12, 15. நேர்க்கீழ்ப் பாதை, தரையில் 90 சென்டிமீட்டர், சாய்வுப் பாதை ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம். 15-இன் வர்க்கத்திலிருந்து 12-இன் வர்க்கத்தைக் கழித்தால் 81. அதன் வர்க்கமூலம் 9. அதாவது அந்த 90 சென்டிமீட்டரைக் கடக்க அலைக்கு 9 நானோ வினாடி வேண்டும். வேகம் நானோ வினாடிக்கு 10 சென்டிமீட்டர் என்று ஆயிற்று. ஆழம் 12 × 10 = 120 சென்டிமீட்டர். ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்காமல், மண்ணின் வேகத்தையும் குழாயின் ஆழத்தையும் ஒன்றாகக் கண்டுவிட்டோம்! இந்தக் கணக்கின் அழகுக்காகவே நான் ராடார்ப் பாடத்தைக் குழாயிலிருந்து தொடங்குவேன்.

நஞ்சுக்கு நிறமில்லை

இனிமேல்தான் கடினமான பகுதி. குழாய்க்கு ஓர் உருவம் உண்டு. மண்ணில் கலந்த மாசுக்கு உருவம் ஏது? ராடாருக்கு ஈயமும் தெரியாது, குரோமியமும் தெரியாது. அது காண்பது இரண்டே இரண்டு: அலையின் வேகம் எங்கே மாறுகிறது, அலையின் வலிமை எங்கே மங்குகிறது. மாசு இவ்விரண்டில் ஒன்றை மாற்றினால்தான் அகப்படும்.

எண்ணெய் வகைகள் வேகத்தை மாற்றுகின்றன. பெட்ரோலுக்கு மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 2. மணல் துகள்களின் இடையே இருந்த நீரைத் தள்ளிவிட்டு எண்ணெய் குடிபுகுந்தால், அந்த இடத்தின் மாறிலி சட்டெனக் குறையும். புதிய எதிரொலி தோன்றும். 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாயிலிருந்து எண்ணெய் கசிந்து, குடியிருப்புகளின் கிணற்று நீரில் கலந்தது. நீரைவிட இலேசான எண்ணெய், நீர்மட்டத்தின்மேல் மிதந்து பரவும். நீரைவிடக் கனமான திரவங்களோ நீர்மட்டத்தையும் தாண்டிக் கீழே மூழ்கிவிடும்.

அப்படி ஒரு திரவம் மூழ்குவதை ராடாரால் தொடர முடியுமா? இதைக் கனடாவில் ஒரு சோதனையாகவே செய்தார்கள். 1991-ல் ஒண்டாரியோ மாநிலத்தின் போர்டன் என்னும் இடத்தில், வாட்டர்லூ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 9 மீட்டர் சதுரமான மணல் நிலத்தைச் சுற்றி எஃகுத் தகடுகளை இறக்கி ஒரு தொட்டிபோல அடைத்தார்கள். அடியில் இயற்கையான களிமண். அதற்குள் 770 லிட்டர் பெர்குளோரோஎத்திலீனை விட்டார்கள். சலவைக் கடைகளில் உலர் சலவைக்குப் பயன்படும் திரவம் இது, நீரைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. விடுவதற்கு முன்பு ஒரு படம். விடும்பொழுதும் பின்னும் பல படங்கள். திரவம் நேராக அடிக்குப் போய்விடவில்லை. மணலுக்குள் இருந்த நுண்ணிய அடுக்குகளின்மேல் ஆங்காங்கே தேங்கி, பக்கவாட்டில் பரவி, பிறகே கீழே வழிந்தது ராடாரில் தெரிந்தது. இதில் கவனிக்க வேண்டியது முதல் படம். அது இல்லாவிட்டால், எந்தக் கோடு மண்ணின் இயற்கை அடுக்கு, எந்தக் கோடு புதிதாக வந்த திரவம் என்று பிரித்திருக்கவே முடியாது.

உப்பு கரைந்த நீரின் கதை வேறு. சாம்பல் குளத்துக் கசிவும் குப்பை மேட்டுக் கசிவும் இந்த வகை. இவை வேகத்தை அதிகம் மாற்றுவதில்லை. மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அலையை விழுங்கிவிடுகின்றன. நல்ல நீர் ஊறிய மணலில் ராடார் அலை ஒரு மீட்டர் போனால், மண் விழுங்குவது சுமார் 7 விழுக்காடு ஆற்றல்தான். அதே மணலில் கடத்துதிறன் நூறு மடங்கானால், ஒரு மீட்டரில் மிஞ்சுவது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! திரும்பி வரும்பொழுது இன்னும் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. படத்தில் அந்த இடம் நிழல் விழுந்தாற்போல் வெறுமையாகிவிடும். சுற்றிலும் அடுக்குகள் தெளிவாக இருக்க, நடுவில் மட்டும் எதிரொலி அற்றுப்போனால், அந்த வெறுமையே நமக்குச் செய்தி.

ஆனால் அவசரப்படக் கூடாது. களிமண்ணும் அலையை விழுங்கும். கடலூர்க் கரையோர மணலில் கடல்நீர் ஏறியிருந்தால் அதுவும் விழுங்கும். ராடார் மங்கிய இடமெல்லாம் நஞ்சு என்று சொல்லிவிட்டால், களிமண் பூமியெல்லாம் நஞ்சு பூமி ஆகிவிடும். நெய்வேலியைப் போலச் சிவந்த மண்ணும் களிமண் அடுக்குகளும் கலந்த இடத்தில் ராடார் பார்க்கக்கூடியது மேலே சில மீட்டர்கள்தான். 50 மீட்டருக்குக் கீழே இருக்கும் நிலக்கரியையோ அதற்கும் கீழுள்ள நீரையோ இதனால் தொடவும் முடியாது. விற்பனைக்கு வரும் கருவிகளின் விளம்பரங்களில் பெரிய பெரிய ஆழங்களைப் போடுகிறார்கள். அவை உலர்ந்த மணலுக்கும் பனிக்கட்டிக்கும் உரியவை; நம் ஊர்க் களிமண்ணுக்கு அல்ல.

நான்கு கம்பிகளின் உதவி

ராடார் கைவிடும் இடத்தில் பழைய முறை ஒன்று கைகொடுக்கிறது. தரையில் ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில், நான்கு உலோகக் கம்பிகளை அடிக்கிறோம். வெளிக் கம்பிகள் இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உள் கம்பிகள் இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்கிறோம். இடைவெளி 10 மீட்டர், மின்னோட்டம் 0.1 ஆம்பியர், மின்னழுத்தம் 0.08 வோல்ட் என்று கொள்வோம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, இடைவெளியாலும் இரண்டு பையாலும் பெருக்கினால் மண்ணின் தன்மின்தடை கிடைக்கும்: 2 × 3.14 × 10 × 0.8, அதாவது சுமார் 50 ஓம்-மீட்டர். உப்பு நீர் இறங்கிய இடத்தில் இதுவே 5 ஆகக் குறையலாம். கம்பிகளின் இடைவெளியைக் கூட்டினால் மின்னோட்டம் இன்னும் ஆழமாகப் பாயும். ஆகையால் ராடாரைவிட அதிக ஆழத்தைப் பார்க்கலாம். உருவங்கள் மட்டும் ராடாரில் தெரிவதுபோல் கூர்மையாகத் தெரியா.

நம் மாநிலத்தில் இம்முறை பயன்பட்ட ஓர் இடம் இராணிப்பேட்டை. அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்னும் ஆலை 1970-களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகளுக்குக் குரோமிய உப்புகளைச் செய்துவந்தது. தோல் பதனிட அவை வேண்டும். 1990-களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு வெட்டவெளியில் நின்றுவிட்டது. மழை பெய்யும்தோறும் அது கரைந்து இறங்கும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரை மஞ்சளாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கழிவுக் குவியலைச் சுற்றி மண்ணின் மின்தடையை அளந்தார்கள். அத்தோடு நில்லாமல் சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீரையும் எடுத்துச் சோதித்தார்கள். இரண்டாவது வேலை இல்லாமல் முதலாவது முழுமையாகாது. மின்தடை குறைந்திருக்கிறது என்று கம்பி சொல்லும். குறைத்தது குரோமியமா, சமையல் உப்பா என்று சோதனைக் குழாய்தான் சொல்ல வேண்டும்.

இப்பொழுது மீண்டும் நெய்வேலியைப் போன்ற ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். சாம்பல் குளத்தைச் சுற்றி ஆராயும் பொறுப்பு உங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள்? நான் முதலில் அந்த வட்டாரக் கிணறுகளின் நீர்மட்டங்களைக் குறித்துக்கொண்டு, நீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்ப்பேன். பிறகு குளத்தின் மேற்புறமாகவும் கீழ்ப்புறமாகவும் ஒரே அளவு கோடுகளில் ராடார் வண்டியைத் தள்ளுவேன். மண் ஒரே வகையாக இருந்து, நீர் சரியும் பக்கத்தில் மட்டும் எதிரொலி மங்கினால் ஐயம் வலுக்கும். அங்கே நான்கு கம்பிகளை அடித்து ஆழம் பார்ப்பேன். கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறை என்று இதையே திரும்பச் செய்வேன். களிமண் நகராது, கசிவு நகரும். கடைசியில் இரண்டு மூன்று துளைகள் போதும். புதிய குளம் வெட்டும் இடமானால் வேலை இன்னும் எளிது: சாம்பலை விடுவதற்கு முன்பே ஒரு படம் எடுத்து வைத்துவிடலாம். அதற்கு ஆகும் செலவு சிறியது. அதை எடுத்து வைக்காமல் போனால் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் அந்தப் படம் கிடைக்காது.

நீங்களே செய்து பாருங்கள்

ராடார் வேண்டாம், மின்தடைச் சோதனையை வகுப்பறையிலேயே செய்யலாம். அகலமான பிளாஸ்டிக் தட்டில் கழுவிய ஆற்று மணலை நான்கு விரல் உயரம் நிரப்புங்கள். குடிநீரை மணல் முழுதும் ஊறும் அளவுக்கு ஊற்றுங்கள். 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு ஆணிகளைச் செருகி, 9 வோல்ட் மின்கலத்தையும் ஆய்வகத்திலுள்ள மில்லி அம்மீட்டரையும் தொடராக இணைத்து, முள் காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆணிகளை இடம் மாற்றித் தட்டின் பல பகுதிகளிலும் அளந்து ஒரு கட்டத்தாளில் எழுதுங்கள். இதுதான் உங்கள் முதல் படம். இப்பொழுது உங்கள் நண்பர் ஒருவரைவிட்டு, நீங்கள் பார்க்காதபொழுது, ஏதேனும் ஒரு மூலையில் அரை டம்ளர் உப்புக் கரைசலை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். மீண்டும் அளந்து, எந்த மூலை என்று கண்டுபிடியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் எண்கள் அதே இடத்தில் இருக்கின்றனவா?

இன்னொரு தட்டில், உலர்ந்த மணலின் ஒரு பகுதியை மட்டும் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து வைத்துவிட்டுப் பிறகு நீர் ஊற்றுங்கள். அங்கே முள் எந்தப் பக்கம் நகர்கிறது? ஏன்?